அரை மில்லிமீட்டர்

அம்மையப்பன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் காபியா மோரா என்று யாரும் கேட்பதில்லை. நோயாளி வந்து நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிடுவார். ஆணாக இருந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அரசாங்கம் அம்மையப்பனுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் வளர்ச்சிக் கண்காணிப்பாளர். வளர்ச்சி எங்கேயும் தலைகாட்டக் கூடாது என்று ஊர் ஊராக அலைகிறவனுக்கு இப்படி ஒரு பெயர் வைத்த அதிகாரி யாரென்று தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று அவருக்கு அடிக்கடி தோன்றும். சனங்கள் அவரை முடி பார்க்கிறவர் என்றுதான் சொன்னார்கள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. வலது காதுக்குப் பின்னால், முடியின் அடியில், தோலை ஒட்டி ஒரு நீலச் சாயக் கோடு போட வேண்டும். அடுத்த மாதம் அதே தேதியில் போய் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். டை அடித்த தலையில் பத்து நாளில் அடியில் வெள்ளை தெரிகிறதல்லவா, அதே கணக்குத்தான். நீலத்துக்குக் கீழே கறுப்பு தெரியக் கூடாது. அரை மில்லிமீட்டர் தெரிந்தாலும் மாத்திரை உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

நிறுத்து மாத்திரை வந்து ஆறு வருடம் ஆகிறது. தினம் ஒன்று விழுங்க வேண்டும். இரத்தத்தையும் குடலையும் மட்டும் விட்டுவைத்து, உடம்பில் வேறெந்த செல்லும் இரண்டாகப் பிரியாமல் அது தடுத்துவிடும். புற்றுக்கட்டி இருந்த இடத்தில் இருக்கும், வளராது. வாந்தி கிடையாது, முடி கொட்டாது, மறுநாளே வேலைக்குப் போகலாம். ஊரே கொண்டாடியது. பதிலுக்கு முடியும் நகமும் வளராது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலில் ஒரு கல் கிழித்தால் எட்டு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்ட வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. பெண்கள் பிள்ளை பெற முடியாது என்பது அதற்கும் பிறகு. பிள்ளைகளாக இருந்தவர்கள் பிள்ளைகளாகவே இருப்பார்கள் என்பதை எல்லாரும் கடைசியாகத்தான் கவனித்தார்கள். அதற்குள் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நின்றவர்கள் என்று பெயர் நிலைத்துவிட்டது.

மாத்திரைக்கு முந்திய காலத்தில் அம்மையப்பன் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோய் வார்டு நாவிதராக இருந்தார். பழைய மருந்து ஏறினால் மூன்றாம் வாரம் முடி கொத்துக் கொத்தாக வரும். தலையணையில் அதைப் பார்த்து நோயாளிகள் உடைந்து போவார்கள் என்று, அதற்கு முன்பே மொட்டை அடித்துவிடுவது அங்கே வழக்கம். இருபத்தொரு வருடம் அடித்தார். பெரியவர்களுக்கு அடிப்பதில் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு அடிக்கும்போதுதான் கை கனக்கும். அந்த வார்டைச் சுருக்கியதும், முடி தெரிந்த ஆள் என்று அவரை மாத்திரைத் திட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அவருக்கு அலுத்துப் போயிருந்தது. எதில் அலுப்பு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

பொன்மலை ரயில்வே குடியிருப்பு அவருக்கு மாற்றலில் வந்த பகுதி. வினோதினியின் வீட்டுக்கு அது மூன்றாவது தடவை. அவள் கணவன் பணிமனையில் வேலை பார்க்கிறான். மகள் நிறைமதிக்கு எட்டு வயதில் சிறுநீரகத்தில் கட்டி வந்து, அறுவை சிகிச்சை செய்து, நுரையீரலில் மிச்சமிருந்த புள்ளிகளுக்காக நிறுத்து மாத்திரை. ஐந்து வருடம் ஆகிறது. ரேஷன் கார்டில் பதின்மூன்று வயது. உடம்புக்கு இன்னும் எட்டு.

காலை பதினொரு மணி வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். நிறைமதி ஏற்கெனவே நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலை மொட்டை. சந்தனம் அப்பியிருந்தது.

"என்னம்மா இது?"

"சமயபுரத்துக்கு வேண்டுதல் சார்." வினோதினி சமையலறை வாசலை விட்டு நகரவில்லை. "இவங்கப்பா நேந்துக்கிட்டாரு. போன ஞாயித்துக்கிழமை போய்க் குடுத்துட்டு வந்துட்டோம். அதான், இந்த மாசம் கோடு பாக்க முடியாதில்ல? அடுத்த மாசம் பாத்துக்கலாம் சார்."

அம்மையப்பன் லென்ஸை வெளியே எடுக்காமல் பைமேல் கையை வைத்தபடி நின்றார். நின்றவர்கள் முடி கொடுப்பதில்லை. அம்மனுக்குப் புடவை சாத்துவார்கள், கண்மலர் வாங்கிப் போடுவார்கள், அக்கினிச்சட்டிகூட எடுப்பார்கள். முடியை மட்டும் தொட விடமாட்டார்கள். போனால் வராது. சீப்பில் நாலு முடி சுற்றிக்கொண்டு வந்ததற்கு ஒரு பொழுது முழுக்க அழுத பெண்ணை அவருக்குத் தெரியும். முடியை மறைக்க நினைத்த இந்த அம்மாள், நின்ற வீட்டில் ஒருவரும் செய்யாத காரியத்தைச் செய்து வைத்திருந்தாள்.

அது சமயபுரத்து மொட்டையும் இல்லை. கோயில் ஆள் சிரைத்தால் நெற்றியிலிருந்து பிடரிக்கு இழுத்த கை நிற்காது. இங்கே தாடி மழிக்கிற ரேசரை வைத்துச் சுரண்டியிருந்தது. காதுக்குப் பின்னால் மூன்று வெட்டு. மூன்றும் ஆறி, பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தன. நின்ற உடம்பில் ஐந்து நாளில் வெட்டு ஆறாது.

அவர் உள்ளங்கையை அந்தத் தலைமேல் வைத்தார். முள்முள்ளாகக் குத்தியது. நின்ற பிள்ளையின் தலை எதுவும் அவர் கையை இதுவரை குத்தியதில்லை. பயமாகத்தான் இருந்தது. அதோடு சேர்ந்து வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் வந்தது. கையை உடனே எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எத்தனை நாளா மாத்திரை இல்ல?" என்றார்.

வினோதினி பொலபொலவென்று அழத் தொடங்கினாள். "எழுதிடாதீங்கண்ணே. உங்க கால்ல வேணா விழறேன். எண்ணெய் தேய்க்கறப்பதான் பாத்தேன், கோட்டுக்குக் கீழ இவ்ளோ கறுப்பு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு. இனிமே நானே வாயத் தொறந்து பாத்துக் குடுக்கறேன். வருஷ ஊசி மட்டும் வேணாம்ணே."

மாத்திரையைத் தவிர்த்தவர்களுக்கு மூன்று நாளில் வண்டி வரும். வருஷ ஊசி என்று ஒன்று போடுவார்கள். ஒரு வருடத்துக்கு விழுங்கவும் வேண்டாம், துப்பவும் முடியாது. ஒருமுறை பிடிபட்டவர்களுக்கு வருடம் தவறாமல் அதுதான். பிள்ளைகளுக்கு மூன்று தடவை அது ஏறிவிட்டால் பிறகு நிறுத்தினாலும் உடம்பு வளர்வதை மறந்துவிடுகிறது. இது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

"அம்மாவத் திட்டாதீங்க," என்றாள் நிறைமதி. திரும்பவில்லை. "நான்தான் துப்புனேன். அஞ்சு வாரமா. நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு வாஷ்பேசின்ல துப்பிடுவேன். அம்மா மறுபடி குடுத்தாலும் துப்புவேன்."

"ஏன் பாப்பா?"

"பாப்பான்னு கூப்புடாதீங்க. நான் எட்டாவது படிக்கிறேன்." இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். எட்டு வயது முகத்தில் கண் மட்டும் பெரிய மனுஷியின் கண். "தம்பி என்னை விட உயரம். அவன் சட்டை எனக்கு வருது, என் சட்டை அவனுக்கு வராது. என் கிளாஸ்ல இந்த வருஷம் ஆறு பேருக்குச் சடங்கு வச்சாங்க. ஆறு வீட்டுலயும் என்னையத்தான் பூத்தட்டு தூக்கி முன்னால நடக்கச் சொன்னாங்க. சின்னப் புள்ளை தூக்குனா அழகா இருக்குமாம்."

அம்மையப்பன் பையைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கட்டி இருக்கறது தெரியும் அங்கிள். வளந்தா செத்துருவேன்னும் தெரியும். அதுக்காக இப்படியே இருக்கணுமா?"

"பாருங்கண்ணே, எப்படிப் பேசுறான்னு பாருங்க," என்று வினோதினி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்குள் பதிவு போட வேண்டும். அம்மையப்பன் கைக்கருவியைத் திறந்து, 'இல்லத்தில் இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டார். ஏழு நாள் அவகாசம் கிடைத்தது. நான்கு வருட வேலையில் அவர் எழுதிய முதல் பொய் அது.

"வெட்டுன முடி எங்கம்மா?"

வினோதினி தயங்கிவிட்டு சாமி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். "தூக்கிப் போட மனசு வரல. ஆத்தாகிட்ட பொய்க்கு நேந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னு, நெஜமாவே கொண்டுபோய்ச் செலுத்திடலாம்னு வச்சிருக்கேன்."

"பத்திரமா வைங்க. எங்கயும் செலுத்த வேண்டாம்."

*

பழைய மருந்து வார்டில் ஒரு காலத்தில் நாற்பது கட்டில். இப்போது நான்கு. அதிலும் இரண்டில்தான் ஆள். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வாமை வந்தவர்கள். டாக்டர் எஸ்தர் தன் மேசையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஓய்வு வயது தாண்டிவிட்டது. அந்த மருந்தை ஏற்றத் தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அனுப்பாமல் வைத்திருந்தார்கள்.

"வாங்க அம்மையப்பன். கத்தியக் கீழ போட்டுட்டு ஆபீசர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்க."

அவர் விஷயத்தைச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை, ஐந்து வாரமாக மாத்திரை இல்லை, என்ன செய்யலாம்.

டாக்டர் ஸ்பூனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "முழிச்சிருக்குமா?"

"எது?"

"கட்டி. அதான் முக்கியம்." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க உக்காருங்க. இருபது வருஷம் சிரைச்சீங்களே, முடி ஏன் கொட்டுதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"மருந்து சூடுன்னு சொல்வாங்க."

"சூடும் இல்ல, குளிரும் இல்ல. ஒரு செல்லு ரெண்டாப் பிரியணும்னா, உள்ள இருக்கறதையெல்லாம் சரிபாதியா ரெண்டு பக்கமும் இழுக்கணும். அதுக்குன்னு உள்ளயே மெல்லிசா நூல் கட்டிக்கும். வேலை முடிஞ்சா அவுத்துடும். நம்ம பழைய மருந்து இருக்கே, நித்தியகல்யாணிச் செடியிலேருந்து எடுக்கறது, சுடுகாட்டு ஓரத்துலல்லாம் பூத்துக் கெடக்குமே, அது அந்த நூலைக் கட்ட விடாது. பாகம் பிரிக்க ஆரம்பிச்சு பாதியில மாட்டிக்கிட்ட செல்லு செத்துப்போயிடும். அவ்வளவுதான் வித்தை. கட்டி விடாம பிரியற ஜாதி, அதனால அதிகமாச் சாகும். முடி வேரும் விடாம பிரியற ஜாதி. மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது அம்மையப்பன். பிரியறது மட்டுந்தான் தெரியும்."

"அப்ப இந்த மாத்திரை?"

"மாத்திரை, செல்லைப் பிரிய ஆரம்பிக்கவே விடாது. வாசல்லயே நிறுத்திடும். நூலே கட்டாத செல்லுக்கிட்ட பழைய மருந்து போய் என்ன பண்ணும்? சும்மா சுத்திட்டு வெளிய வந்துடும். நாம என்னமோ கட்டியச் சிறையில போட்டுட்டோம்னு பேசிக்கிறோம். உண்மையில காவல் காத்துக்கிட்டிருக்கோம். அதைச் சாகடிக்கணும்னா மொதல்ல எழுப்பி விடணும்."

அம்மையப்பனுக்கு அது உறைக்கச் சற்று நேரமானது. ஆயிரக்கணக்கான தலைகளை வழித்திருக்கிறார். ஒரு தடவையாவது யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

"எனக்கு யாரும் இதச் சொல்லலையே டாக்டரம்மா."

"நீங்க கேக்கல. நாங்களும் நேரமில்லாம சொல்லல." டாக்டர் கணினிப் பக்கம் திரும்பினார். "பேரச் சொல்லுங்க. நான் யாருக்கும் எழுதிப் போட மாட்டேன்."

சொன்னார். பழைய கோப்பு திறந்தது. டாக்டர் வெகுநேரம் படித்தார்.

"இந்தப் புள்ளை நம்ம வார்டுதான். மாத்திரைக்கு மாத்தறதுக்கு முன்னால ஆறு வாரம் பழைய மருந்து ஏறியிருக்கு. நான் அந்த வருஷம் லீவுல இருந்தேன். பாருங்க, ஆறே வாரத்துல நுரையீரல்ல இருந்த புள்ளி பாதியாச் சுருங்கியிருக்கு. இன்னும் நாலு மாசம், மிஞ்சிப் போனா அஞ்சு மாசம் போட்டிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும்."

"பின்ன ஏன் நிறுத்துனாங்க?"

"பெற்றோர் விருப்பம்னு எழுதியிருக்கு. அந்த வருஷத்து ஃபைல் எல்லாத்துலயும் அதான் எழுதியிருக்கு."

"எவனாவது ஒண்ணுந்தெரியாதவன் ஏத்தி விட்டிருப்பான்," என்றார் அம்மையப்பன். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்த முகம் தெரியாத ஆளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"இருக்கலாம்," என்று டாக்டர் டப்பாவை மூடினார். "நாளைக்குப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. ஸ்கேன் எடுத்துப் பாப்போம்."

*

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் எஸ்தரின் முகம் மலர்ந்தது. வினோதினியும் அவள் கணவனும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அம்மையப்பன் கதவோரம் நின்றார்.

"ரெண்டு புள்ளியும் முழிச்சிருச்சு. கடுகளவு இருந்தது மொளகளவு ஆயிருக்கு."

"சிரிக்கிறீங்களே டாக்டர்!" வினோதினி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "எம்புள்ளைக்குக் கட்டி வளந்திருக்குங்கறீங்க, சிரிக்கிறீங்க!"

"உக்காரும்மா. முழிச்சாத்தான் கைக்குச் சிக்கும். தூங்கிட்டிருந்தா என்னால ஒண்ணுமே பண்ண முடியாது."

அவள் கணவன்தான் கேட்டான். "பொழச்சுருவாளா டாக்டர்?"

"அந்தக் காலத்துல இந்தக் கட்டிக்குப் பத்துல எட்டு புள்ளைங்க பொழச்சாங்க. அஞ்சு வருஷம் தூங்கி எந்திரிச்ச கட்டிக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் செஞ்சு பாக்கல. பொய் சொல்ல மாட்டேன். முடி கொட்டும், வாந்தி வரும், கை கால் மரத்துப்போகும், மலம் இறுகிக்கும். இவ்வளவும் பட்டும் கேக்காமப் போகலாம். ஒண்ணு இது. இல்லாட்டி வருஷ ஊசி. நடுவுல வேற வழி இல்ல."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் நிறைமதி தரையில் எட்டாத காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. அவன்தான் முதலில் பேனாவைக் கேட்டான்.

ஆனால் கையெழுத்து மட்டும் போதாது. திட்டத்தில் இருக்கும் நோயாளிக்குப் பழைய மருந்து தர வேண்டுமென்றால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் பலிக்கவில்லை என்று கண்காணிப்பாளர் பதிவு போட வேண்டும். தவிர்த்ததாகப் போட்டால் ஊசிதான்.

அம்மையப்பன் அன்று மத்தியானமே பொன்மலைக்குப் போய் மஞ்சள் பையை வாங்கினார். முடியை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, நீலக் கோட்டையும் அதற்குக் கீழே எட்டு மில்லிமீட்டர் கறுப்பையும் படம் எடுத்தார். கறுப்பு பளபளவென்று புதுசாக இருந்தது. 'மாத்திரை தவறாது உட்கொள்ளப்பட்டுள்ளது. பலனில்லை' என்று பதிந்தார். அதோடு, பெரிய எழுத்தில், பரிசோதனைக்காக முடி தன் முன்னிலையில் மழிக்கப்பட்டது என்றும் சேர்த்தார். இரண்டாவது பொய், மூன்றாவது பொய். எண்ணுவதை அத்தோடு விட்டுவிட்டார்.

அரைமணி நேரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார்.

"என்ன அம்மையப்பன் இது? ஆறு வருஷத்துல ஒரு தலையிலகூட மாத்திரை தோத்ததில்ல. உங்க ஏரியாவுல மட்டும் தோக்குதா?"

"தோத்திருக்கு சார்."

"விசாரணை வரும். புள்ளையோட ரத்தத்தை எடுத்துப் பாத்தா மாத்திரை உள்ள போச்சா இல்லையான்னு தெரிஞ்சுரும். ரிட்டயர் ஆகப்போற நேரத்துல ஏன்யா?"

"வரட்டும் சார். அதுக்குள்ள மருந்து ஏத்திடுவாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுநாள் தற்காலிக நீக்க உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை அவர் போட்ட பதிவு செல்லும் என்றும் அதில் இருந்தது. அம்மையப்பன் அதைப் படித்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

*

முதல் மருந்து ஏறிய மறுநாள் காலை பார்க்கப் போனார். கையில் நான்கு சாத்துக்குடி. நிறைமதி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். பக்கத்து ஸ்டூலில் வினோதினி. இரண்டு நாள் தூங்காத முகம், ஆனால் தெளிவாக இருந்தாள்.

"உக்காருங்கண்ணே. சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாமே? எங்களால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்."

"அது கெடக்கட்டும்மா. எனக்கு என்ன, வீட்டுல உக்காந்து பேப்பர் படிப்பேன்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு மாசமாச் சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன்." வினோதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க மொதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்பவே எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத்தான் எங்களத் தெரியல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, இதே வார்டு, அந்தக் கடைசிக் கட்டில். மொதல் தடவை அடிச்ச மொட்டையில திட்டுத் திட்டா முளைச்சுக் கொட்டுதுன்னு மறுபடி வழிக்க வந்தீங்க. இவ உங்க கையப் புடிச்சுக்கிட்டு, வேணாம் வேணாம்னு ஒரே அழுகை. நீங்க கத்திய மடிச்சு வச்சுட்டீங்க. 'ஏம்மா இந்தப் புள்ளையப் போட்டு வதைக்கிறீங்க? மாத்திரைதான் வந்துருச்சே. முடி கொட்டாது, வாந்தி கெடையாது. கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னீங்க. அன்னிக்குச் சாயந்தரமே போட்டுட்டோம்ணே."

அம்மையப்பன் அந்தக் கடைசிக் கட்டில் இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டருங்க என்னென்னமோ சொன்னாங்க, ஒண்ணும் மண்டையில ஏறல. நீங்க சொன்னது ஏறுச்சு. அஞ்சு வருஷம் எம்புள்ளை உசுரோட என்கூட இருந்தா. அன்னிக்கும் சாமி மாதிரி வந்து சொன்னீங்க, இன்னிக்கும் உங்களாலதான் நடக்குது. என்ன கைம்மாறு செய்யப்போறேன்னு தெரியல."

அவர் நினைவில் தேடிப் பார்த்தார். கடைசிக் கட்டில். அழுகிற பிள்ளை. எத்தனையோ பிள்ளைகள் அழுதிருக்கின்றன. அந்த வருடம் மாத்திரையைப் பற்றி யாரிடமெல்லாம் சொன்னார்? கேட்டவர்களிடம் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். அவர் சொல்லி எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. இந்தப் பிள்ளையின் முகம் மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு சாத்துக்குடியை வைத்துவிட்டு எழுந்து போனால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் எழுந்தும்விட்டார். பிறகு மறுபடி உட்கார்ந்தார்.

"வினோதினி, அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டு சிரைச்சிட்டுப் போயிருக்கணும்மா. அந்த மருந்து இவளுக்கு நல்லாக் கேட்டுக்கிட்டிருந்திருக்கு. டாக்டரம்மா ஃபைலப் பாத்துச் சொன்னாங்க. இன்னும் நாலு மாசம் போட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமாம். இப்ப இவ உங்க உயரம் இருந்திருப்பா. நான் சொல்லித்தான் நீங்க நிறுத்தியிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாம சொல்லியிருக்கேன்."

வினோதினியின் கை கும்பிட்டபடியே நின்றது. பிறகு மெல்லப் பிரிந்து மடியில் விழுந்தது. திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மருந்துக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூங்குகிறாள் என்று நினைத்த நிறைமதி கண்ணைத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நான் அழுததாலதானே அங்கிள் சொன்னீங்க? நான் அழாம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டீங்கல்ல?"

ஐந்து வருடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது இந்தப் பிள்ளை. அவளுக்காக இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று சொல்லிவிட்டால் போதும், அவள் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வாள். ஆனால் அது இரக்கம் இல்லை என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

"இல்ல நிறைமதி. நீ அழுததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எனக்கு அன்னிக்கு அசதியா இருந்துச்சு. இன்னொரு புள்ளைக்கு மொட்டை அடிக்கக் கை வரல. எப்படா இந்த வேலை முடியும்னு இருந்துச்சு. அதனாலதான் சொன்னேன். அவ்வளவுதான்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த எட்டு வயது முகத்தில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"எனக்கும் அசதியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சிறிது நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. மறுபடி வாந்தி. வினோதினி மகளின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மையப்பன் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"கட்டிலுக்கு அடியில பேசின் இருக்கு. எடுத்துப் புடிங்க."

அவர் குனிந்து எடுத்துப் பிடித்தார்.